இனிப்பும் பசியும்

(திருப்பூர் வட்டாரத்தில் நடைபெற்ற கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



1912-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் நிறுவப்பெற்ற கரும்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இரகங்கள் பல நாடுகளிலும் விளைந்தன. இனிப்பை விளைவிக்கக் கற்ற நாம், அதை உண்ணும் முறையையும் அறிய வேண்டாமா?

சர்க்கரை பலவகைப்படும். கரும்புச் சர்க்கரை சிறுகுடலில் குளுக்கோஸ், பழச்சர்க்கரை எனச் சரிபாதியாகப் பிரிகின்றது. குளுக்கோஸ் விரைந்து இரத்தத்திற் கலந்து இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றது. பழச்சர்க்கரை பெரும்பாலும் கல்லீரலுக்குச் செல்கின்றது. அது தனித்து மிகுதியாகச் சேர்ந்தால் நலமுடையோருக்கும் வயிற்றுப் பொருமலும் கழிச்சலும் உண்டாகலாம். பாலிலுள்ள சர்க்கரையைச் ஜீரணிக்கும் ஆற்றல் வயது வந்தோர் பலருக்குக் குறைந்துவிடுகின்றது. அத்தகையோருக்குப் பாலைவிடத் தயிர் ஒத்துக்கொள்ளும். உறையும்போதே நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையில் ஒரு பகுதியைச் செலவிட்டுவிடுகின்றன.

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் பனங்கருப்பட்டியும் தீங்கற்றவை என்றெண்ணி அளவின்றிச் சேர்ப்போர் உளர். அவற்றில் தாதுப்பொருள் சிறிது கூடுதல். பெரும்பகுதி அதே சர்க்கரைதான்.

இனிப்பை நீரிற் கரைத்துக் குடித்தால் வயிறு நிறைந்த உணர்வு நீடிப்பதில்லை. பழத்தை மென்று தின்றால் நார்ச்சத்தினால் பசி நெடுநேரம் அடங்கும். அதையே பிழிந்து சாறாக்கினால் அப்பயன் குறைகின்றது.

இதை ஏன் சொல்கிறோம்? விடியற்காலையில் பனியன் கம்பெனி வண்டியேறும் நம் ஊர்ப் பெண்களிற் பலர், தேநீரையும் பன்னையுமே காலை ஆகாரமாகக் கொள்கின்றனர். ஒரு நாளில் ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி எனில், பத்துக் கரண்டிச் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ 40 கிராம், உட்செல்கின்றது. உணவில் கூடுதலாகச் சேரும் சர்க்கரை 25 கிராம் அளவுக்குள் இருப்பது மேலும் நலம் என 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. அந்த ஐந்து தேநீரும் நல்ல உணவின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன; ஆனால் உடலைப் போஷிப்பதில்லை. கூலி உயர்ந்தும் உடல் தேய்ந்தால் அது முன்னேற்றமாகுமா?

ஆகவே, காலையில் கம்பங்கூழோ, ராகிக் களியோ, இட்டிலியோ உண்டபின் வேலைக்குச் செல்லும் வழக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஏற்படுத்துவோம். தேநீரில் சர்க்கரையைப் பாதியாகக் குறைப்போம். நீரிழிவு உடையோர் மருத்துவர் சொற்படி நடப்பார்களாக.

பிறருக்கு உரைக்குமுன் நாமே தொடங்குவது முறை. கோப்புக்கொரு தேநீர் என்பது எம் அலுவலகத்தின் பழக்கமாக இருந்தது. இன்று இக்கூட்டத்தில் உங்களுக்காக நீர்மோரும் அவித்த நிலக்கடலையும் வைத்திருக்கிறோம். அடுத்த கிராம சபையில் நீங்களும் அவ்வாறே செய்யுமாறு வேண்டிக்கொள்கிறோம்.