பாலை என்பது ஓர் இடமா? தீயும் ஆறும் வடித்த நம் நிலம்



மொழியியல் பயின்ற ஒருவர் தீயைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அதற்கான விடை நம் இலக்கண மரபிலேயே இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐந்திணை என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். குறிஞ்சி மலை, முல்லை காடு, மருதம் வயல், நெய்தல் கடற்கரை, பாலை வறண்ட நிலம் என்று மாணவர்களும் மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆயின் தொல்காப்பியம் தெய்வங்களோடு சேர்த்துச் சுட்டும் நிலங்கள் நான்கே. பாலைக்கு அது தனி நிலம் வகுக்கவில்லை. பின்வந்த சிலப்பதிகாரம் அதற்கு விளக்கம் தருகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்பது அந்நூலின் கருத்து. சுருங்கச் சொன்னால், பாலை என்பது ஓர் இடத்தின் பெயரன்று. எந்த இடத்துக்கும் நேரக்கூடிய ஒரு நிலையின் பெயர். ஈரம் நீங்கிய காடு பாலையாகிறது; ஈரம் மீண்டால் பாலை மறுபடியும் காடாகலாம்.

ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நம் சிங்கப்பூருக்கு இக்கருத்தால் என்ன பயன் என்பதே இன்றைய உரையின் வினா.

நாம் நன்கறிந்த தேக்காவிலிருந்து பார்ப்போம். தேக்கா என்னும் பெயரைத் தேக்கு மரத்தோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. அது பொருந்தாது. ஹொக்கியன் மொழியில் மூங்கிற் புதரின் அடிப்பகுதி என்னும் பொருளுடைய சொற்றொடரிலிருந்து வந்த பெயர் அது. ரோச்சோர் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் மூங்கில் அடர்ந்திருந்ததை அப்பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அருகிலுள்ள கண்டாங் கெர்பாவ் என்பது மலாய் மொழியில் எருமைத் தொழுவம். எருமைக்குப் புல்லும் வேண்டும், புரளச் சேறும் வேண்டும். ஆற்றுநீர் பரவித் தேங்கிய சதுப்பு நிலம் அவை இரண்டையும் தந்தது. பஃபலோ சாலை என்னும் பெயர் எஞ்சியிருக்க, எருமையும் சேறும் மறைந்துவிட்டன. சிராங்கூன் சாலையின் ஒரு பகுதியை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். கம்பம் என்பது கம்போங் என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். அங்கிருந்த சுண்ணாம்புச் சூளைகளால் அப்பெயர் வந்தது. சூளை என்றால் தீ. தீ என்றால் விறகு. விறகு என்றால் வெட்டப்பட்ட மரம். ஒரு கல் தொலைவுக்குள் ஆறும் தீயும் தத்தம் கையொப்பத்தை ஊர்ப்பெயர்களில் இட்டுச் சென்றிருக்கின்றன.

இனி நகரை விட்டுத் தீவின் நடுப்பகுதிக்குச் செல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே காடுகளை அழித்துக் கம்பீர், மிளகுத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. கம்பீர் இலையைக் கொப்பரைகளில் இட்டு நெடுநேரம் காய்ச்ச வேண்டும். எனவே தோட்டத்துக்காக ஒரு காடும் அடுப்புக்காக மற்றொரு காடும் அழிந்தன. சில ஆண்டுகளில் மண் சாரமிழந்ததும் தோட்டக்காரர்கள் அவ்விடத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தனர். கைவிடப்பட்ட நிலத்தில் முளைத்தது லாலாங் புல். இப்புல்லின் இயல்பை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அதன் தாள்கள் எளிதில் காய்ந்து எளிதில் தீப்பற்றும்; அதன் கிழங்குத் தண்டோ மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். தீ வந்தால் அப்போதுதான் தலைகாட்டிய மரக்கன்றுகள் மடியும். புல் மட்டும் மீண்டும் தழைக்கும். தீயே புல்லைக் காக்கிறது. புல்லே தீயை அழைக்கிறது. மழை குறையாத நாட்டில் மனிதர் உண்டாக்கிய பாலை இதுதான்.

தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நதேனியல் கேன்ட்லி 1883ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை அளித்தபோது தீவின் பழைய காட்டில் மிகச் சிறு பங்கே எஞ்சியிருந்தது. அதன் பின்னரே காடுகளை ஒதுக்கிக் காக்கும் முயற்சி உருப்பெற்றது. அதற்கு முன்பே தண்ணீர் மற்றொரு பாடத்தைப் புகட்டியிருந்தது. 1857ஆம் ஆண்டு வணிகர் டான் கிம் செங் நகருக்குக் குடிநீர் கொண்டுவர 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். 1860களில், இன்று மெக்ரிட்சி என வழங்கும் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. நீரைத் தேக்குவதற்குச் சுவர் மட்டும் போதாது. காட்டின் இலைப்பரப்பு மழையின் வேகத்தைத் தணிக்கிறது. சருகும் வேரும் நீரை மண்ணுக்குள் இறக்குகின்றன. மண் அதைச் சிறுகச் சிறுக ஓடைக்குத் தருகிறது. காடில்லாத சரிவில் மழைநீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவந்து தேக்கத்தைத் தூர்த்துவிடும். ஆகவே நீர்த்தேக்கங்களைச் சுற்றிய நிலம் காக்கப்பட்டது. கைவிடப்பட்ட தோட்டங்கள் பல அங்கே மெல்ல மெல்ல மறுகாடாயின. மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகத்தின் பெரும்பகுதி அவ்வாறு மீண்ட காடே. பாலை மீண்டும் முல்லையானதற்கு நம் வீட்டருகிலேயே சான்று இருக்கிறது.

தீ எல்லா இடத்திலும் கேடு என்று நான் கூறவில்லை. ஆஸ்திரேலியாவில் தீயின் வெம்மை பட்டால்தான் காய் வெடித்து விதை உதிர்க்கும் செடிகள் உள்ளன. அந்த நாட்டிலேயே தீயின் மறுபக்கத்தையும் காணலாம். 2003ஆம் ஆண்டு ஜனவரியில் கேன்பரா நகரின் நீர்ப்பிடிப்புப் பகுதியான காட்டர் பள்ளத்தாக்கு பெருமளவு எரிந்தது. அணை எரியவில்லை, நீரும் எரியவில்லை. ஆனால் பின்னர் பெய்த மழை சாம்பலையும் மண்ணையும் அடித்துக்கொண்டு வந்து நீரைக் கலக்கிவிட்டது. அந்நகரம் புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்ட நேர்ந்தது. காட்டுத்தீ அணைந்த பிறகும் ஆற்றில் அதன் வேலை தொடர்கிறது.

நமக்கு அண்மையிலுள்ள தீ வேறு வகையானது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் பரந்த சதுப்புக் காடுகள் உள்ளன. அங்கே மரமும் இலையும் நீருக்குள் விழுவதால் முழுதும் மட்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. சில இடங்களில் அப்படிவு பத்து மீட்டருக்கும் மேல் ஆழமானது. நீர் நிறைந்திருக்கும் வரை அது பஞ்சு போல மழையை உறிஞ்சி ஆறுகளுக்கு அளந்து விடும். செம்பனைக்கும் காகித மரங்களுக்கும் இடமாக்கக் கால்வாய் வெட்டி அந்நீரை வடித்துவிட்டால், அது எரிபொருளாகிறது. ‘காட்டுத்தீ போலப் பரவியது’ என்று நாம் வதந்தியைச் சொல்வோம். இந்தத் தீயோ அப்படிப் பரவாது. மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்று புகையும். ‘நீறு பூத்த நெருப்பு’ என்னும் நம் வழக்கே அதற்குப் பொருத்தமானது. மேலே தண்ணீர் ஊற்றி அணைப்பது அரிது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தாலன்றி அது அடங்காது. 2013ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்றுத்தூய்மைக் கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது உங்கள் ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். நம் செய்தித்தாள்கள் அதனைப் புகைமூட்டம் என்று எழுதின. மூடுபனி என்று எழுதாமல் அச்சொல்லைத் தேர்ந்தது சரியே. பனி தானாக வருவது, புகைக்கோ ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தின் தொடக்கம், நிலத்தின் நீரை வடித்த கால்வாய்.

வறட்சி நம் குழாயையும் எட்டும். 1963ஆம் ஆண்டு தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு ஏறத்தாழ பத்து மாதம் நீடித்தது. 1962ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி 2061 வரை ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை நாம் எடுக்கலாம். ஆற்றில் நீர் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறிவரும். அப்போது எடுக்கும் நீர் உவர்ப்பாகிவிடும். மேல்பகுதியிலுள்ள லிங்கியு நீர்த்தேக்கம் நீரைத் திறந்துவிட்டுக் கடலைப் பின்தள்ளுகிறது. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நீர்த்தேக்கத்தின் இருப்பு 20 விழுக்காடாகச் சரிந்தது. நம் தீவிலேயே 2014ஆம் ஆண்டு ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் வறட்சி நிலவியது, புல்வெளிகள் பழுத்தன, புதர்த்தீ பெருகியது. நியூவாட்டரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பும் நம்மைத் தாங்கின. அவை அரிய சாதனைகள். ஆயினும் ஆலைகளால் குடிநீரைத் தர முடியுமேயன்றி, ஓடையையும் காட்டையும் தர இயலாது.

நிலை திரிந்ததை மீட்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் தூய்மைப்படுத்தும் பணி 1977இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்தது. 2008இல் மரினா அணைக்கட்டு எழுந்தபின், தேக்காவின் வழியே ஓடும் ரோச்சோர் நீரும் குடிநீர்த் தேக்கத்தைச் சேர்கிறது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நேர்கோடாயிருந்த காலாங் ஆற்றின் காங்கிரீட் கால்வாயை நீக்கி, 2012இல் வளைந்தோடும் ஆறாக்கினர். கரையில் புல்லும் மரமும் வேரூன்ற, பறவையும் தும்பியும் நீர்நாயும் வந்தன. இந்தோனேசியாவில் 2016இல் அமைக்கப்பட்ட சதுப்பு மீட்பு அமைப்பு, வெட்டிய கால்வாய்களின் குறுக்கே சிறு தடுப்பணைகள் கட்டி நிலத்துக்கு நீரைத் திருப்பித் தர முனைந்தது. தீயணைப்பு என்பது நெருப்பு மூண்டபின் செய்யும் வேலை என்று நினைக்கிறோம். நிலத்தில் ஈரத்தை நிறுத்துவதே அதன் முதற்பணி.

ஆசிரியப் பெருமக்களே, நம் மாணவர்களின் தமிழில் ஆறு, கால்வாய், வடிகால், ஓடை, சதுப்பு ஆகிய அனைத்தும் ‘தண்ணீர்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் நாள் தொலைவில் இல்லை. எரிதல், கனல்தல், புகைதல் மூன்றும் ‘நெருப்பு’ என்றாகிவிடும். சொல் வேறுபாடு மறைந்தால் பொருள் வேறுபாட்டைப் பார்க்கும் கண்ணும் மங்கும். வடிகால் நீரை வெளியேற்றுவது. வாய்க்கால் நீரைக் கொண்டுவந்து சேர்ப்பது. இவ்விரு சொற்களின் வேறுபாட்டை உணர்ந்த மாணவர், சுமத்ராவின் சதுப்பு ஏன் எரிகிறது என்பதைப் பாதி உணர்ந்தவராவார்.

எனவே ஒரு வேண்டுகோள். ஐந்திணைப் பாடம் நடத்தும் வாரத்தில் மாணவர்களைத் தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாய் வழியாகக் காலாங் வரை நடத்திச் செல்லுங்கள். இந்நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே சேர்கிறது, முன்பு இங்கே என்ன வளர்ந்தது, இவ்விடத்தின் பெயர் எதனால் வந்தது என்னும் நான்கு வினாக்களைக் கொடுத்து, விடைகளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பாலை ஒரு பாட்டின் பின்னணி மட்டுமன்று, எந்த நிலத்துக்கும் விடப்பட்ட எச்சரிக்கையும் ஆகும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.