புகைபோக்கி ஒழுக்கும் குட்டிக் கூரையும்

(தோட்டக் கிளையின் பொதுக்கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய தோழர்கள் சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசினார்கள். என்னைக் கூரையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கூரை என்ன சிறிய விஷயமா? விடியுமுன் எழுந்து வெட்டுக்காட்டுக்குப் போகிற மனிதன், இரவெல்லாம் ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மறுநாள் அவன் கையில் உளி நிற்குமா? பட்டையில் காயம் விழாதா? ஆகவே இதுவும் உழைப்பைப் பற்றிய பேச்சுத்தான்.

நம் பழைய லயங்களிலும் கிராணிமார் வீடுகளிலும் அடுப்படிக்கு மேலே செங்கல் புகைபோக்கி கட்டியிருப்பதைப் பார்க்கிறோம். ஒழுக்கு எங்கே என்று கேட்டால் பத்து வீட்டில் பாதி வீட்டுத் தாய்மார்கள் அந்தப் புகைபோக்கியின் முதுகுப்புறத்தைத்தான் காட்டுகிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தின் புகார்ப் புத்தகத்தில் ஒரே வீட்டுக்கு ஒரே ஒழுக்கு ஏழு தடவை பதிவாகியிருந்தது. ஸ்டோர்க் கணக்கில் அந்த வீட்டின் பெயரில் ஏழு டின் தார் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒருவர் மேலே ஏறித் தார் பூசினார்; வெயிலில் தார் வெடித்தது; அடுத்த மழையில் தண்ணீர் மறுபடியும் உள்ளே வந்தது. ஏழு டின் தாரும் ஏழு ஆள் வேலையும் செலவாகியும் ஒழுக்கு மட்டும் தீரவில்லை.

ஏன் தீரவில்லை? காரணத்தை யாரும் பார்க்கவில்லை, அதனால்தான் தீரவில்லை. நீங்கள் பால்மரத்தை அறிந்தவர்கள். வெட்டுக்கோட்டுக்குச் சரியான சாய்வு இல்லாவிட்டால் பால் தேங்கிப் பட்டையில் வழிந்து வீணாகிறது. மழைக்காலத்தில் மரத்தில் வழியும் தண்ணீர் வெட்டுப்பட்டையில் இறங்காமல் இருக்க, மேலே மழைக்காப்பு கட்டி அதைத் திருப்பி விடுகிறோம். தண்ணீரைத் தடுத்து நிறுத்த முயன்றால் அது ஏதாவது ஓர் இடுக்கைத் தேடும். வழி காட்டிவிட்டால் தானே போய்விடும். கூரைக்கும் இதே நியாயந்தான்.

புகைபோக்கி கூரையின் சரிவில் நடுவே நிற்கிறது. மேலிருந்து வரும் மழைநீர் அதன் முதுகில் மோதி, போக வழியில்லாமல் நிற்கிறது. ரப்பர் இலையும் குச்சியும் சேர்ந்து அங்கே ஓர் அணை கட்டிவிடுகின்றன. அந்த ஈரத்தில் தகரம் துருப்பிடிக்கிறது, சாந்து கரைகிறது, உள்ளே கைமரம் உளுக்கிறது.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் பார்ப்போம். புகைபோக்கி 3 அடி அகலம் என்றும், அதற்கும் முகட்டுக்கும் இடையே மட்டத்தில் 12 அடி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் வந்து மோதும் பரப்பு 36 சதுர அடி. ஓர் அங்குல மழை பெய்தால் 3 கன அடித் தண்ணீர், அதாவது ஏறக்குறைய 85 லிட்டர். மண்ணெண்ணெய் டின் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து டின். இத்தனையும் ஒரு மழையில் ஒரே இடுக்கில் வந்து நிற்கிறது. ஒரு கை தார் இதைத் தாங்குமா?

இதற்குரிய வைத்தியம் பழையது, எளியது. புகைபோக்கியின் முதுகில், மேல்சரிவை நோக்கி, இருபுறமும் சரிந்த ஒரு சின்னக் கூரையை அமைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதைக் கிரிக்கெட் என்கிறார்கள். பந்தாட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சேடில், அதாவது சேணம், என்றும் சொல்வதுண்டு. நாம் குட்டிக் கூரை என்று சொல்லிக்கொள்வோம். மேலிருந்து வரும் தண்ணீரை அது பாதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் பிரித்து அனுப்பிவிடும். அமெரிக்க நாட்டு வீட்டுக் கட்டட விதிகளில் 30 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள புகைபோக்கிக்கு இது இருந்தே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கூரையின் முகட்டிலேயே நிற்கும் புகைபோக்கிக்கு மட்டும் இது தேவையில்லை. அதற்கு மேலே தண்ணீர் வர இடமில்லை.

அளவு கண்டுபிடிக்க இஞ்சினியர் வரவேண்டியதில்லை. முதலில் கூரையின் சரிவை அளக்க வேண்டும். மேலே ஏறாமல், வீட்டுக்குள்ளிருந்து கைமரத்திலேயே அளக்கலாம். 12 அங்குலக் கட்டையை மட்டமாகப் பிடித்து, ஒரு முனையைக் கைமரத்தில் தொடவைத்து, மறுமுனையிலிருந்து கைமரம் வரை நேர்செங்குத்தாக அளந்து பாருங்கள். 4 அங்குலம் வந்தால் 12-க்கு 4 சரிவு. பிறகு புகைபோக்கியின் அகலத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டிக் கூரையின் முகடு புகைபோக்கியிலிருந்து மட்டமாகப் பின்னால் போக வேண்டிய நீளம் அதுதான். அந்தப் பாதியைச் சரிவால் பெருக்கினால் உயரம் கிடைக்கும்.

உதாரணமாக, 36 அங்குல அகலப் புகைபோக்கி. 12-க்கு 4 சரிவு. பாதி 18 அங்குலம். 18-ஐ 4-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 6. ஆக, புகைபோக்கியை ஒட்டிய இடத்தில் 6 அங்குல உயரம். முகட்டின் நீளம் 18 அங்குலம். புகைபோக்கியின் மூலையிலிருந்து முகட்டின் கடைசி முனை வரை சாய்வாகப் போகும் நீரோடை, 26 அங்குலத்துக்குச் சற்று அதிகம். இந்த அளவில் குட்டிக் கூரையின் சரிவும் பெரிய கூரையின் சரிவும் ஒன்றாகவே இருக்கும். தண்ணீர் எங்கும் தயங்காது.

கட்டும் முறையில் நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மரச்சட்டம் புகைபோக்கியைத் தொடக்கூடாது. வீட்டுக்குள் எழும் புகைபோக்கிக்கும் மரத்துக்கும் இடையே 2 அங்குல இடைவெளி அதே அமெரிக்க விதி கேட்பது. அந்த இடைவெளியைத் தகட்டால் மேலே மூடலாம்; சாக்கையோ மரத்தூளையோ உள்ளே திணிக்கக்கூடாது. ஒழுக்கை நிறுத்தப் போய்த் தீயை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, தகடுகள் படியும் வரிசை. மேலே உள்ளது எப்போதும் கீழே உள்ளதன் மேல் படிய வேண்டும். குட்டிக் கூரையின் தகடு, மேல்சரிவுத் தகரத்துக்கு அடியில் தாராளமாக நுழைந்திருக்க வேண்டும். நம் சரிவுகளுக்கு 9 அங்குலம் வைப்பது நல்லது. அதன் கீழ்முனைகள் பக்கத்துத் தகரத்தின் மேலே தண்ணீரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் எத்தனை டின் தார் ஊற்றினாலும் பயனில்லை.

மூன்றாவது, செங்கலும் தகடும் சேரும் இடம். தகட்டைச் செங்கல்மேல் மடக்கி ஏற்றி, அதன்மேல் இன்னொரு தகட்டைச் செங்கல் இடுக்கில் ஓர் அங்குலம் செதுக்கிச் செருகி, சாந்து பூசிக் கீழே மடக்கிவிட வேண்டும். மேல்தகடு கீழ்த்தகட்டை மூடி நிற்கும். இரண்டையும் ஒன்றாக ஆணி அடித்துப் பிணைக்கக் கூடாது. வெயிலிலும் மழையிலும் தகடு விரிந்து சுருங்க இடம் வேண்டும்.

நான்காவது, உலோகம். கூரை நாகத்தகரமானால் குட்டிக் கூரையும் நாகத்தகரமாகவே இருக்கட்டும். செம்பிலிருந்து வழியும் தண்ணீர் நாகத்தகரத்தை அரித்துவிடும். அலுமினியம் ஈரச் சாந்தில் அரிபடும். கூரைத் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கும் வீட்டில் ஈயத்தகடு வைக்கவே கூடாது. ஈயம் நஞ்சு, குழந்தைகளுக்குப் பெருங்கேடு.

நிற்க. வேலை முறையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மேலே ஏறுவது யார்?

தோட்டங்களில் வழக்கம் என்ன? வெட்டு முடிந்து வருகிற ஓர் ஆளைப் பார்த்து, "தம்பி, அந்தக் கூரையில் கொஞ்சம் ஏறிப் பார்த்துவிட்டு வாப்பா" என்று மண்டோர் சொல்வார். அவரும் மறுக்கமாட்டார். பழைய லயக்கூரைகளில் பல அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடுகள். வருஷக்கணக்கில் வெயிலும் பாசியும் தின்ற அந்தத் தகடு பார்வைக்குத் திடமாக இருக்கும். மனிதன் கால் வைத்தால் எச்சரிக்கையின்றி உடையும். ஆணி வரிசையில் நடந்தால் உடையாது என்பது பெரியவர்கள் சொல்லி வந்த பேச்சு. அதை நம்ப வேண்டாம். ஈரக்கூரையில் ஒரு கால் வழுக்கினால் அந்த வரிசை எங்கே, நாம் எங்கே?

அந்தத் தகட்டின் தூசும் ஆபத்தானது. எல்லா வகை அஸ்பெஸ்டாசும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. நோய் தெரிய பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆகவே அதை நாமாக அறுப்பதும், துளைப்பதும், உடைத்துக் கூட்டுவதும் கூடாது. பயிற்சி பெற்றவர்கள் உரிய பாதுகாப்போடு செய்ய வேண்டிய வேலை அது.

நாகத்தகரக் கூரையானாலும் விதிகள் உண்டு. அடுப்பை அணைத்துப் புகைபோக்கி ஆறிய பின்தான் வேலை. மழையோ இடியோ வரும் அறிகுறி இருந்தால் ஏறக்கூடாது. நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏணியின் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, இறவாரத்துக்கு மேல் 3 அடி நீளவிட்டு, கட்டிவைக்க வேண்டும். சாரம் கட்டி நின்று வேலை செய்வதே மேல். கூரைமேல் போகத்தான் வேண்டுமென்றால், சட்டங்களைத் தாண்டி நீளும் பலகை, இடுப்புவார், கயிறு, கீழே ஓர் ஆள். தனியாள் ஏறுவது கூடவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை தாய்மார்களுக்கு. மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று புகைபோக்கியின் வாயையே தகரத்தால் மூடிவிடுகிற வீடுகளைப் பார்க்கிறோம். கீழே விறகோ கரியோ எரிந்தால், போக வழியில்லாத புகை வீட்டில் தங்கும். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக்காற்று உண்டு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும். வாயை மூடாதீர்கள். காஸ் அடுப்பு வந்து, புகைபோக்கி உபயோகமற்றுப் போன வீடாக இருந்தால், அதைக் கூரைக்குக் கீழே வரை இடித்துத் துளையை மூடிவிடச் சொல்லிக் கேளுங்கள். எல்லாவற்றிலும் சிறந்த வைத்தியம் அதுவே. கூரையில் துளையே இல்லாவிட்டால் அங்கே ஒழுக்குக்கு இடமேது?

இதையெல்லாம் செய்து தரவேண்டியது யார் பொறுப்பு? தீபகற்ப மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், முதலாளி கொடுக்கும் வீட்டை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது. அனுமதியில்லாமல் கட்டடத்தை மாற்றக்கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே நாமாக இடிக்கவும் வேண்டாம், நாமாக ஏறவும் வேண்டாம். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அந்தத் திருத்தம் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதைப் போக்க ஏதும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. பாசி பிடித்த அஸ்பெஸ்டாஸ் கூரையில் பலகையும் கயிறும் இல்லாமல் ஏறச் சொன்னால், மரியாதையாக, "ஐயா, பலகையும் கயிறும் வரட்டும்" என்று சொல்லுங்கள். கிளை உங்கள் பின்னால் நிற்கும்.

கிராணி என்ற முறையில் ஒரு யோசனை. வாய்ப்புகார் காற்றோடு போகும். வீட்டு எண், தேதி, ஒழுகும் இடம், மின்கம்பிக்குப் பக்கத்திலா என்ற விவரம், முன்பு எத்தனை தடவை தார் பூசினார்கள் என்ற கணக்கு, இத்தனையும் எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று ஆபீசுக்கு, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி நம் செயலாளரிடம். எழுத வராதவர்கள் கூச்சப்பட வேண்டாம். நாங்கள் எழுதித் தருகிறோம். ஏழு டின் தாரின் கணக்கை நிர்வாகத்தின் முன்னால் வைத்தால், ஒரு தச்சரையும் ஒரு கொத்தனாரையும் ஒரே தடவை அழைப்பது லாபம் என்று நிர்வாகமும் ஒத்துக்கொள்ளும்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குமுன், ஒவ்வொரு லயத்திலும் இருவர் கொண்ட குழு, கீழே நின்றபடியே எல்லா வீட்டுக் கூரைகளையும் பார்த்துப் பட்டியல் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலோடு கிளை நிர்வாகத்தைச் சந்தித்து, குட்டிக் கூரை அமைக்கவும், பாதுகாப்புச் சாதனமின்றி எந்தத் தொழிலாளியையும் கூரையில் ஏற்றாதிருக்கவும் எழுத்து மூலம் உறுதி பெற வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரின் மேசைக்கு வரவும். பெண்களும் பெயர் கொடுக்க வேண்டும். எந்த மூலையில் வாளி வைக்கிறோம் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.