பாட்டுக்குப் போட்ட பூட்டு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வானொலியில் சில பாட்டுகளை ஏன் தடை செய்தார்கள் என்று பேசச் சொன்னார்கள். ஆபாசம், மத நிந்தனை, வன்முறையைத் தூண்டுவது கூடாது என்று ஆகாசவாணிக்கு விதி உண்டு. அதில் எனக்குச் சண்டை இல்லை. விதிக்கு வெளியே நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

1952-இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் பி.வி. கேஸ்கர். சாஸ்திரீய சங்கீதத்தில் ஊறியவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. நேரத்தைக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், சொல்லாதே என்றார். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பு உரிமையையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போச்சு.

ஜனங்கள் சும்மா இருந்தார்களா? ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள்! உலகப் போரின்போது ராணுவத்துக்காக வைத்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர் இலங்கை வானொலியின் கையில் இருந்தது. 1952 டிசம்பரில் அங்கிருந்து அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' கிளம்பியது. தமிழுக்கு மயில்வாகனம், பின்னால் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது. இந்தக் குரல்களைச் சொன்னாலே முன்வரிசையில் சில முகங்கள் மலர்வது தெரிகிறது. கடைசியில் 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசாங்கமே இறங்கி வந்தது. கேஸ்கரை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கச்சேரிகளுக்கு வானொலியில் பெரிய இடம் தந்தவரும் அவர்தான்.

கிஷோர் குமார் விஷயம் வேறு. எமர்ஜென்சியின்போது அரசாங்கப் பிரசாரத்துக்கு ஒத்துழைக்கச் சொன்னார்கள், அவர் மசியவில்லை. 1976 மே மாதம் அவர் பாட்டுகள் ஆகாசவாணியிலும் தூர்தர்ஷனிலும் நிறுத்தப்பட்டன. பாட்டில் ஒரு குற்றமும் இல்லை, பாடியவர் வணங்கவில்லை, அவ்வளவுதான். பிறகு ஷா கமிஷன் இதை விசாரித்துத் தன் அறிக்கையில் எழுதி வைத்தது.

இந்த இரண்டிலும் உத்தரவு போட்டவர் யார் என்று தெரியும். நம்ம எல்லைப் பக்கத்தில் இன்னொரு தடை உண்டு, அதற்குக் கையெழுத்தே கிடையாது. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறு முற்றியபோது கர்நாடகத்தில் கேபிள்காரர்கள் தமிழ்ச் சானல்களை நிறுத்தினார்கள். அந்த மாதிரி நாட்களில் ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டும் முன்பே கம்பெனி பஸ் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்வார். இந்தப் பக்கம் வரும் கன்னடக்கார டிரைவருக்கும் அதே பயம்தான். கிஷோர் குமாருக்கு ஒரு கமிஷன் கிடைத்தது. இவர்கள் யாரிடம் போய் மனு கொடுப்பது?

சிப்காட்டில் ஒரே ஷிப்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலும் கேட்கும். இந்தக் கல்லூரி விடுதியிலும் அப்படித்தான். அதனால் இன்று மாலை இன்னிசை நிகழ்ச்சிப் பட்டியலில் கன்னடப் பாட்டு உண்டா என்று மாணவர் செயலாளரைக் கேட்டேன். "ரெண்டு இருக்கு சார், மூணாவதுக்கு ஆள் தேடறோம்" என்றார். தெரிந்தவர்கள் மேடைக்குப் பின்னால் பெயர் கொடுங்கள்.