மனநோயும் நாமும்
(கரமனையில் நிகழ்த்திய உரை)



இதே கரமனை அக்ரஹாரத்தில் நான் வளர்ந்த நாளில், விஷமம் செய்யும் பையன்களை "ஊளம்பாறைக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவார்கள். அங்கே உள்ள மனநோய் ஆஸ்பத்திரியைத்தான் சொல்வது. மற்ற பையன்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எங்காத்து இரண்டாங்கட்டில் அத்தை ஒருத்தி, தனக்குத்தானே பேசிக்கொண்டு, வெளியார் கண்ணில் படாமல் இருந்தாள். "தெரிந்தால் மற்ற பெண்களுக்கு வரன் அமையாது" என்பது பாட்டியின் பயம். வைத்தியம் பார்க்காமலே அத்தை போய்ச் சேர்ந்தாள்.

அந்நாளில் சென்னையில் டாக்டர் சாரதா மேனன் இருந்தார். 1923-ல் மங்களூரில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் சூப்பரின்டென்டன்ட்.

ரிடையரானால் நாம் ஈஸிசேரைத் தேடுவோம். அவரோ 1984-ல், அறுபது வயது கடந்தபின், 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். உடன் நின்று நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும், முதன்முறை மனச்சிதைவு கண்ட 90 பேரை 1981 தொட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார்கள். வேலைக்குப் போனவர்களும் குடும்பம் நடத்தியவர்களும் உண்டு. சாரதா மேனனுக்கு 1992-ல் பத்மபூஷண் கிடைத்தது. 2021 டிசம்பரில், 98-ம் வயதில் காலமானார்.

இந்நோய்க்குக் காரணம் ஒன்றல்ல. பரம்பரைக்கும் பங்குண்டு; ஆனால் அதுவே விதியல்ல. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. சீக்கிரம் வைத்தியம் தொடங்கினால் பலன் அதிகம். பாட்டிக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

ஜாதகப் பொருத்தம் பார்க்கும்போது மறைப்பதாலும், கல்யாணமானால் சரியாகிவிடும் என்று நம்புவதாலும் இரண்டு குடும்பங்கள் கஷ்டப்படுகின்றன. சர்க்கரை வியாதிக்கு டாக்டரிடம் போவதுபோல இதற்கும் போவோம். 2022 முதல் 'டெலி மானஸ்' இலவச எண் 14416 இருக்கிறது. ஒரு போன் செய்தால் போதும்.

உங்கள் ஆத்திலும் இரண்டாங்கட்டில் யாராவது இருந்தால், தயவுசெய்து கதவைத் திறந்துவிடுங்கள்.