விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் நடுவே யார்?

(திருப்பதியில் விவசாயிகளும் தொழிலாளர்களும் பங்கேற்ற கருத்தரங்கில் ஆற்றிய தமிழ் உரையின் எழுத்து வடிவம்)



நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் இங்கே அதிகம் இருப்பதால் தமிழிலேயே பேசுமாறு தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வாழ்கிற மண் இது. 1911-இல் வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இத்தனை முறை மாறியும், நமது மாங்காய்க்கும் பாலுக்கும் தக்காளிக்கும் விலை வைக்கிற இடம் மட்டும் நம் கைக்கு வந்து சேரவில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அதைப் பற்றித்தான்.

உணவு முறையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு முனைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு முனையில் மண், விதை, உரம். மறு முனையில் தட்டு, சத்து, பசி. இரண்டும் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் நடுவே இருப்பது யாருடைய உடைமை என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, நீதியான உணவு முறை என்றோ நீடித்த உணவு முறை என்றோ பேசுவது பயன் தராது. பாலைக் குளிரூட்டும் நிலையம், மாங்கூழ் ஆலை, மண்டி, டெண்டர் அறை ஆகியவையே அந்த நடுப்பகுதி.

திருமலையிலிருந்தே தொடங்குகிறேன். நாள்தோறும் சுமார் 3 லட்சம் லட்டுகள் அங்கே செய்யப்படுகின்றன. அதற்குத் தேவைப்படும் நெய் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கிலோவுக்கும் மேல். 1985 ஏப்ரலில் என்.டி.ராமராவ் முதல்வராக இருந்தபோது நாளுக்கு 2,000 பேருக்குத் தொடங்கிய அன்னதானம், 2011-இல் திறக்கப்பட்ட தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் இன்று பெருங்கூட்டத்துக்கு உணவளிக்கிறது. உலகில் ஓரிடத்தில் நடக்கும் மிகப் பெரிய சமையல்களில் இதுவும் ஒன்று. மலையடிவாரத்தில் இருப்பதோ சிறு விவசாயிகளும், ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் பெண்களும் நிறைந்த மாவட்டங்கள்.

2024 செப்டம்பரில் லட்டு நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்தது என்று முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு குற்றம் சாட்டியபோது நாடே அதிர்ந்தது. கடவுள்களை அரசியலுக்கு வெளியே வையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அக்டோபரில் சி.பி.ஐ., மாநிலக் காவல்துறை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றிலிருந்து ஐந்து பேர் கொண்ட புலனாய்வுக் குழுவையும் அது அமைத்தது. பக்தர்களின் மனவேதனை உண்மையானது. அதை வகுப்புவாத அரசியலுக்கு எரிபொருளாக்க முயன்றதும் உண்மை. அந்த இரைச்சலில் எளிய கணக்கு ஒன்றை எவரும் போடவில்லை.

அதை இங்கே போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ பசு நெய்க்கு ஏறத்தாழ 25 லிட்டர் பால் வேண்டும். தேவஸ்தானத்துக்கு நெய் தந்தவர்கள் கிலோவுக்கு 320 ரூபாய் முதல் 411 ரூபாய் வரை விலைப்புள்ளி கொடுத்திருந்ததாக அதன் நிர்வாக அதிகாரியே 2024-இல் தெரிவித்தார். கொழுப்பு நீக்கிய பாலைத் தனியே விற்றுக் கிடைப்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் 320 ரூபாயில் ஆலைக்கு என்ன, லாரிக்கு என்ன, கறந்தவளுக்கு என்ன மிஞ்சும் என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரிகள் விரல்விட்டே சொல்லிவிடுவார்கள். கர்நாடகப் பால் கூட்டமைப்பு பல ஆண்டுகள் திருமலைக்கு நந்தினி நெய் அனுப்பிவந்தது. அந்தக் குறைந்த விலைக்குத் தங்களால் தர இயலாது என்று 2023-இல் அது ஒதுங்கிக்கொண்டது. விவசாயிக்குப் பால் விலை கொடுத்தாக வேண்டிய கூட்டுறவு, டெண்டரில் தோற்றுப்போனது. யாருக்கு என்ன கொடுத்தோம் என்று கணக்குக் காட்டத் தேவையில்லாதவர் வென்றார். கலப்படம் செய்தவன் குற்றவாளிதான், தண்டிக்கப்பட வேண்டியவன்தான். எனினும், எது மலிவோ அதையே வாங்குவது என்ற விதி கலப்படத்தைக் கைநீட்டி அழைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த மண்ணுக்கு இது புதிய கதையன்று. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை ஒரு காலத்தில் இம்மாவட்டத்துக் கிராமங்களின் உயிர்நாடி. 2002-இல் அது மூடப்பட்டது. அப்போதும் முதல்வர் சந்திரபாபு நாயுடுதான். அவர் 1992-இல் தொடங்கிய ஹெரிட்டேஜ் நிறுவனம் பால் வணிகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் இணைத்து எதிர்க்கட்சிகள் இன்றுவரை குற்றம் சாட்டிவருகின்றன. அந்தச் சண்டை தேர்தல் மேடைகளில் நடக்கட்டும். நமக்குப் பெரிய செய்தி, அது ஒரு தனி மனிதரின் கதையோடு முடியவில்லை என்பதே. 1995-இல் ஆந்திராவில் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அரசுத் தலையீட்டிலிருந்து கூட்டுறவுகளை விடுவிக்கிறோம் என்றார்கள். அந்த வழியில் போன விசாகா, சங்கம் போன்ற பெரிய பால் பண்ணைகள் பிற்பாடு கம்பெனிச் சட்டத்துக்குள் சென்றன. சித்தூரில் கட்டடம் மட்டும் நின்றது, புதர் மண்டியது.

2023 ஜூலையில் ஜெகன் மோகன் ரெட்டி அரசு அந்த இடத்தை அமுலுக்குக் குத்தகைக்குக் கொடுத்து அடிக்கல் நாட்டியது. அமுல் தனியார் கம்பெனி அன்று. 1946-இல் கேடா மாவட்ட விவசாயிகள் வணிகர்களின் பிடியை எதிர்த்துக் கட்டிய கூட்டுறவு அது. அந்த வரலாற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. கூட்டுறவில் உறுப்பினருக்கு வாக்கு உண்டு, லாபத்தில் பங்கு உண்டு. ஆனந்தில் கூடும் பொதுக்குழுவில் பலமனேர்ப் பெண்ணுக்கு எந்த நாற்காலி? வாக்கு இல்லாமல் பால் மட்டும் ஊற்றினால் அவள் உறுப்பினர் ஆகமாட்டாள், சரக்குத் தருபவளாகவே இருப்பாள்.

இனி மாங்காய். இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன்.

தோத்தாபுரியை நாம் பெங்களூரா என்கிறோம், கிளிமூக்கு என்கிறோம். மற்ற மாம்பழத்தை வீட்டில் அறுத்துத் தின்னலாம், தெருவில் கூறுகட்டி விற்கலாம். பெங்களூராவில் பெரும்பகுதி கூழ் ஆலைக்கே போக வேண்டும். வாங்குபவர் சிலர், விற்பவர் பல்லாயிரம் பேர். பழுத்தது காத்திருக்காது. விற்பவரின் பேரம் பேசும் வலிமை மணிக்கு மணி குறையும் வணிகம் இது. நிலக்கடலை மழையின்றிப் பொய்த்த காலத்தில் மாந்தோப்பு வையுங்கள் என்று அரசே ஊக்குவித்தது. தலித் மக்களின் சிறு நிலங்களில்கூட வேலை உறுதித் திட்டத்தின் வழியே கன்று நடப்பட்டது. மரம் வைக்கச் சொன்ன அரசு, பழத்தை வாங்குவதைத் தனியார் ஆலைகளிடம் விட்டுவிட்டது. பொது ஆலையோ கூட்டுறவு ஆலையோ கட்டும் எண்ணம் எந்த ஆட்சிக்கும் வரவில்லை.

2025 பருவத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். சென்ற ஆண்டின் கூழே விற்காமல் கிடக்கிறது, ஏற்றுமதி மந்தம் என்றன ஆலைகள். டிராக்டர்கள் ஆலை வாசலில் நாள்கணக்கில் வரிசைகட்டி நின்றன. கிலோவுக்கு ஆலை 8 ரூபாய் தரும், அரசு 4 ரூபாய் மானியம் தரும், ஆக 12 ரூபாய் என்று அறிவித்தது மாநில அரசு. அந்த 8 ரூபாய் கிடைக்கவில்லை, அதிலும் பாதிதான் தருகிறார்கள் என்ற குமுறல் தோப்புக்குத் தோப்பு கேட்டது. பழத்தைச் சாலையில் கொட்டினார்கள். ஜூலையில் ஒன்றிய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் 1.62 லட்சம் டன்னுக்கு ஒப்புதல் தந்து, குவிண்டாலுக்கு 1,490.73 ரூபாய் என்று விலையைக் குறித்தது. அதே திட்டத்தில் கர்நாடகத்துக்குக் குறித்த விலை 1,616 ரூபாய். ஒரே மாங்காய்தான். அப்போது அறுவடையில் பெரும்பகுதி முடிந்திருந்தது.

இதைவிட என்னை வருத்தியது வேறொன்று. ஜூன் மாதம் வெளிமாநிலப் பெங்களூரா சித்தூருக்குள் வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா தடையை நீக்கக் கோரிக் கடிதம் எழுதினார். கோலாரிலும் வேலூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருப்பவர்கள் யார்? நம்மைப் போலவே இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள். அதே பருவத்தில் கிருஷ்ணகிரியிலும் விலை விழுந்தது, தமிழ்நாட்டு முதல்வரும் ஒன்றிய அரசுக்கு எழுதினார். மூன்று மாநில விவசாயிகளும் ஒன்றாக நின்று மாங்கூழ் ஆலைகளோடு பேச வேண்டிய நேரத்தில், சோதனைச் சாவடியில் ஒருவர் வண்டியை மற்றவர் மறிக்கும்படி ஆக்கினார்கள். உள்ளூர் விவசாயியைக் காக்கிறோம் என்றார்கள். கூழ் வாங்கும் குளிர்பானக் கம்பெனிகளுக்கு அந்தத் தடையால் ஒரு கீறலும் விழவில்லை.

தக்காளியைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனபள்ளி மண்டியில் 2023 ஜூலை இறுதியில் தக்காளி கிலோ 200 ரூபாயை நெருங்கியது. கோடீஸ்வரரான தக்காளி விவசாயியைத் தேடி நிருபர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். விலை விழுந்து பறிகூலிக்கும் கட்டாமல் செடியிலேயே விட்ட மாதங்களில் அந்த நிருபர்கள் வரவில்லை. நுகர்வோர் தக்காளிக்குத் தரும் 100 ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 ரூபாய் என்று 2024-இல் ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாளே சொன்னது. நாம் சொன்னால் பிரச்சாரம் என்பார்கள்.

மண்ணைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். ஆழ்துளைக் கிணறுகள் எவ்வளவு கீழே போயின என்பதும், ஏரி வரத்துக்கால்கள் எப்படித் தூர்ந்தன என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இம்மாநிலத்தில் ரைத்து சாதிகார சம்ஸ்தா நடத்தும் சமூக இயற்கை விவசாயத் திட்டம், மகளிர் சுயஉதவிக் குழுக்களை முதுகெலும்பாகக் கொண்டு பல லட்சம் குடும்பங்களை எட்டியிருக்கிறது. 2024-இல் போர்ச்சுகலின் குல்பென்கியன் பரிசும் அதற்குக் கிடைத்தது. பீஜாமிர்தம், ஜீவாமிர்தம், மழைக்கு முந்திய நவதானிய விதைப்பு என்று அவர்கள் செய்வதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. இடுபொருள் செலவு குறைவது கடனாளிக்கு ஓர் ஆறுதல். ஆனால் ரசாயனமின்றி விளைந்த மாங்காயும் அதே ஆலை வாசலில், அதே வரிசையில்தான் நிற்கிறது. நஞ்சில்லாத உணவு சென்னை, பெங்களூரு அங்காடிகளில் வசதியுள்ளவர் வாங்கும் பண்டமாகவும், விளைவித்தவள் ரேஷன் அரிசி உண்பதாகவும் முடிந்தால், அதை நீடித்த உணவு முறை என்று என்னால் ஏற்க முடியாது. அதோடு, குத்தகை விவசாயியின் நிலை என்ன? 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாகுபடியாளர் அட்டை பெற நில உடைமையாளரின் ஒப்பம் வேண்டும். ஒப்பமிட எத்தனை பேர் முன்வருவார்கள்? மானியம் என்று வரும்போது பணம் பட்டாவைத் தேடிப் போகிறது, உழைத்தவரைத் தேடி வருவதில்லை.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. திருமலையிலேயே அதன் ஒரு சிறு விதையைப் பார்த்தோம். 2021-இல் நைவேத்தியத்துக்காக இயற்கை விவசாய அரிசியையும் பருப்பையும் வெல்லத்தையும் இம்மாநில விவசாயிகளிடமிருந்து வாங்கத் தேவஸ்தானம் முன்வந்தது. நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் வரவேற்கத்தக்க செயல். ஆனால் அது நிர்வாகத்தின் நல்லெண்ணமாக நின்றது, விவசாயியின் உரிமையாகச் சட்டத்தில் எழுதப்படவில்லை. பிரேசிலில் 2009-இல் சட்டமே இயற்றினார்கள்: பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும். கேரளத்தில் இடது முன்னணி அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 காய்கறி, கிழங்கு வகைகளுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 விழுக்காடு சேர்த்து அடிப்படை விலை அறிவித்தது. கோவில் சமையலறை, அங்கன்வாடி, மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகிய அனைத்தும் பொதுப் பணத்தில் அல்லது மக்கள் காணிக்கையில் உணவு வாங்குகின்றன. அந்தக் கொள்முதலில் ஒரு பங்கு இம்மாவட்டக் கூட்டுறவுகளுக்கு, செலவை ஈடுகட்டும் விலையில், சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்கிறோம்.

விலையை உயர்த்தினால் ஏழை எப்படி வாங்குவான் என்று ஒரு நண்பர் சற்றுமுன் கேட்டார். நியாயமான கேள்வி. 1983-இல் கிலோ 2 ரூபாய்க்கு அரிசி தந்தபோது அரசு விவசாயியிடம் நெல்லை 2 ரூபாய்க்குப் பறிக்கவில்லை, நடுவே உள்ள பணத்தைத் தான் ஏற்றது. விளைவித்தவருக்கு ஒரு விலை, உண்பவருக்கு வேறு விலை என்று வைக்க அரசால் மட்டுமே முடியும். தில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் அமர்ந்து 2021-இல் மூன்று சட்டங்களைத் திரும்பப் பெறவைத்த விவசாயிகள் இன்னும் சட்டபூர்வ ஆதார விலை கேட்டுக்கொண்டிருப்பதன் பொருளும் இதுவே.

உடனே ஆக வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அடுத்த மாங்காய்ப் பருவம் மே கடைசியில் தொடங்கிவிடும். 2025-இல் ஆலையில் பெற்ற எடைச் சீட்டு, டோக்கன், வங்கியில் வரவான தொகை, வராத தொகை எதையும் தூக்கியெறியாமல் வைத்திருங்கள். துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதித் தந்திருந்தாலும் பரவாயில்லை. மண்டல வாரியாக அவற்றைத் தொகுத்து ஏப்ரலுக்குள் மாவட்ட ஆட்சியர் முன் வைக்கப் போகிறோம். விலை அறிவிப்பு அறுவடைக்கு முன்பே வர வேண்டும், ஆலை தரும் பங்கு வங்கி வழியாகவே வர வேண்டும் என்பது நமது முதல் கோரிக்கை. கோலார், கிருஷ்ணகிரித் தோழர்களோடு பேசத் தொடங்கியிருக்கிறோம். பழைய பால் பண்ணையில் உறுப்பினராக இருந்த குடும்பங்களின் பாஸ்புத்தகம் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், வெளியே மேசையில் அமர்ந்திருக்கும் தோழர்களிடம் பெயரைப் பதிந்துவிட்டுச் செல்லுங்கள்.