புகையும் இருமலும்: நுரையீரலும் ஓர் அமானிதம்
(காலடிப்பேட்டையில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நம் பகுதியில் ஒரு பிள்ளைக்கு இருமல் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. "சீசன் காய்ச்சல்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கிருமிதான் நோயைத் தருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கிருமிக்குக் கதவைத் திறந்து விடுவது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் புகைதான்.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து அவை வெளியே தள்ளுகின்றன. தினமும் புகையைச் சுவாசித்தால் அந்த இழைகள் தளர்ந்துவிடும். நுரையீரலில் காவல் இருக்கும் செல்களும் சோர்ந்துவிடும். பிறகு சாதாரணச் சளி நிமோனியாவாக மாற அதிக நாள் ஆகாது. தலைமுடியைவிடச் சுமார் 30 மடங்கு மெல்லிய துகள்தான் மிகவும் ஆபத்தானது. அதன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. நம் நாட்டின் வரம்போ 40.

நம்மைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மணலி ஆலைகள், வடக்கே அனல்மின் நிலையங்கள், எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். ராயபுரம் பக்கம் வீடுகளில் படிந்த கரித்தூசி பெரியவர்களுக்கு நினைவிருக்கும். உயர்நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது. அதாவது தூசி ஒழியவில்லை, இடம் மாறியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

2020-ல் கொரோனா பரவியபோது, மே மாதத்தில் சென்னையிலேயே அதிகத் தொற்று ராயபுரம் மண்டலத்தில்தான் இருந்தது. அதற்குப் புகைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நெருக்கமான வீடுகளும் ஒரே அறையில் பலர் படுப்பதும் பெரிய காரணங்கள். ஆனால் ஏற்கெனவே புகையால் பழுதான நுரையீரலுக்கு எந்தத் தொற்றும் கடுமையாகத்தான் வரும்.

ஆலையை நாம் நாளையே நிறுத்த முடியாது. ஆனால் வீட்டுக்குள் உள்ள புகை நம் கையில் இருக்கிறது. சமையல் புகை நிறைந்த வீட்டில் சிறு குழந்தைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொசுவர்த்தியை மூடிய அறையில் ஏற்றாதீர்கள். வீசிங் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் சாம்பிராணியும் ஊதுபத்தியும் வேண்டாம். துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். குப்பையைக் கொளுத்தாதீர்கள். அம்மோனியா கசிவு என்று தெரிந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லுங்கள்.

இன்னொன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். மாநகராட்சி சுகாதார நிலையத்திலும் ஸ்டான்லியிலும் காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாயும் அரசு தருகிறது. "பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும் நேரம், வெளியே தெரிந்தால் என்ன ஆகும்" என்று மறைக்கிறோம். மறைத்தால் அந்தப் பெண்ணும் கஷ்டப்படுவாள், கூடப் படுக்கும் தம்பி தங்கைக்கும் தொற்றும். முறையாக மருந்து சாப்பிட்டால் குணமாகும் நோய் இது. ரமளான் வந்தது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு நோற்கும் சலுகையை அல்லாஹ்வே குர்ஆனில் தந்திருக்கிறான். டாக்டரையும் ஆலிமையும் கேட்டு முடிவு செய்யுங்கள். இருமல் உள்ளவர் மாஸ்க் போடுவதும், ஜமாஅத்துக்கு வராமல் வீட்டில் தொழுவதும் மற்றவர்களுக்குச் செய்யும் நன்மையே.

இரவில் வாயு நெடி வந்தால் தேதி, நேரம், தெரு மூன்றையும் எழுதி வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒருவர் தரும் புகாரைவிட ஒரு தெருவே கையெழுத்திட்டுத் தரும் புகாருக்கு வலு அதிகம். மாற்று மதச் சகோதரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று எல்லோருக்கும் பொது. அண்டை வீட்டாரின் ஹக்கும் நம்மீது கடமை.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.