கல் அரிந்த கைகள்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மண்டபத்துக்கு நாம் நிதி சேர்த்து வருகிறோம். பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிப்பதா, திருத்துவதா என்ற பேச்சும் நடக்கிறது. முடிவெடுக்குமுன், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஒரு கிராமத் தொழிற்பாடசாலையை நினைத்துப் பார்ப்போம்.

அடிமைமுறை ஒழிந்து பதினாறு ஆண்டுகளின் பின், 1881 யூலை 4 ஆம் திகதி, டஸ்கீகி என்னும் ஊரில் புக்கர் ரி. வொஷிங்ரன் 30 கறுப்பின மாணவர்களுடன் அதனைத் தொடங்கினார். ஒழுகும் கொட்டிலே வகுப்பறை. மழை பெய்தால் ஒரு மாணவர் ஆசிரியருக்குக் குடை பிடிப்பார். பின்னர் கைவிடப்பட்ட தோட்டமொன்றை 500 டொலருக்கு வாங்கினர். கட்டடத்துக்கு மாணவர்களே செங்கல் அரிந்தனர். படிக்க வந்த பிள்ளைகளுக்கு இந்த வேலை ஏன் என்று பெற்றோர் குறைப்பட்டனர். சூளை மூன்று முறை பிழைத்தது. வொஷிங்ரன் தம் மணிக்கூட்டை 15 டொலருக்கு அடகு வைத்தார்; நான்காம் முறை கல் நன்றாக வெந்தது. பின்னர் அயலிலுள்ள வெள்ளையரும் அக்கல்லைத் தேடி வந்து வாங்கினர்.

மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1892 இல் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரான றொபேட் ரெய்லர் அங்கு கட்டடங்களுக்கு வரைபடம் வரைந்தார், மாணவர்கள் கட்டினர். அவற்றுட் பல இன்றும் நிற்கின்றன.

மருத்துவர்களாகிய எமக்கு அங்கே இன்னொரு பெயரும் முக்கியம். ஹலி ரனர் டிலன் 1891 இல் அலபாமாவின் பத்து நாள் மருத்துவப் பரீட்சையில் சித்தியடைந்த முதற் பெண். அப்பாடசாலையின் வைத்தியராக மருந்துகளையும் தாமே கலந்து கொடுத்தார்.

எமது பழைய கட்டடத்திலும் கைகள் உண்டு. போரில் ஓடு பறந்தபோது பெற்றோரும் ஊரவரும் கூடி வேய்ந்த கூரை அது. ஆகவே மூன்று விடயங்களைக் கேட்கிறோம். முதலில் பொறியியலாளர் ஒருவர் சுவர்களைப் பரிசோதிக்கட்டும், உறுதியாயின் திருத்துவோம். தொழினுட்பப் பிரிவு மாணவிகள் அதனை அளந்து வரைந்து வைக்கட்டும். கடல் கடந்து வாழும் சகோதரிகள் காசோலையுடன், அக்கூரையை வேய்ந்தவர்களின் பெயர்களையும் எழுதி அனுப்பட்டும். பணம் பிறகும் சேரும்; அப்பெயர்களை அறிந்தவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.